பைலட் ஆக டிகிரி வேண்டுமா, கேப்டன் அனுபவம் வேண்டுமா? காரைக்குடிப் பக்கத்திலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான்: வேண்டாம். இதை 17 வயதில் யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் மூன்று வருடம் மிஞ்சியிருக்கும். நான் பிளஸ் டூவில் வணிகவியல் குரூப். "பைலட்னா டிகிரி கேப்பாங்க, முதல்ல ஒரு டிகிரியை முடி" என்று சொந்தமெல்லாம் ஒரே குரலில் சொன்னது. பி.காம். முடித்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அவர்கள் கேட்பது டிகிரியை அல்ல, பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும். என்னிடம் இருந்தது டிகிரி. இல்லாதது அந்த இரண்டும்.

இப்போது துணை விமானியாக இருக்கிறேன். ஊருக்கு வந்தால் ஏதாவது கல்யாண வீட்டில், பந்திக்குப் போகிற வழியில் யாராவது கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். "ஏம்மா, எங்க பையனுக்கும் இந்த ஆசை வந்திருக்கு. என்ன படிக்க வைக்கணும், எவ்வளவு ஆகும்?" நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. அதனால் எழுதிவிட்டேன். தொகைகள் நான் கட்டியவையும் விசாரித்தவையும். நீங்கள் கட்டும்போது கூடியிருக்கும், குறைந்திருக்காது.

1. விளம்பரத்தைச் சரியாகப் படியுங்கள்

விமான நிறுவனங்கள் மூன்று விதமான ஆளைத் தேடி விளம்பரம் போடுகின்றன. லைசென்ஸ் மட்டும் கையில் உள்ள புதியவர், ஏற்கெனவே அந்த ரக விமானத்தை ஓட்டும் துணை விமானி, நேரடி கேப்டன். மூன்றாவது விளம்பரத்தில்தான் இத்தனை ஆயிரம் மணி நேரம், அதில் இத்தனை மணி கேப்டனாக என்று கேட்பார்கள். அதைப் படித்துவிட்டு எங்கள் அப்பச்சி (அப்பா) கேட்டார்: "கேப்டனா இருந்தவனைத்தான் எடுப்பாங்கன்னா, முதல் கேப்டன் எங்கேருந்து வந்தான்?" நியாயமான கேள்வி. அந்த விளம்பரம் நமக்கானது அல்ல, அவ்வளவுதான்.

குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. வணிக விமானி லைசென்ஸுக்கு, அதாவது சி.பி.எல்லுக்கு, மொத்தம் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி 'பைலட் இன் கமாண்ட்' ஆக இருக்க வேண்டும் என்று விதி. இந்த வார்த்தையைப் பார்த்துத்தான் பலர் கேப்டன் அனுபவம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பயிற்சிப் பள்ளியின் குட்டி செஸ்னா விமானத்தில் ஆசிரியரை இறக்கிவிட்டு நீங்கள் தனியாக ஏறிப் பறந்தால், அந்த விமானத்துக்கு அப்போது நீங்கள்தான் தலைமை. அந்த மணிதான் அது. பயிற்சிக்குள்ளேயே சேர்ந்துவிடும்.

உண்மையான கேப்டன் ஆவது பின்னால். அதற்கு ஏ.டி.பி.எல். என்ற அடுத்த லைசென்ஸ் வேண்டும்: 21 வயது, குறைந்தது 1,500 மணி நேரம், தனித் தேர்வுகள். துணை விமானியாகச் சம்பளம் வாங்கிக்கொண்டே அந்த மணிகளைச் சேர்ப்பீர்கள். நிறுவனத்தின் சொந்த நிபந்தனைகளும் உண்டு, அது அப்போதைய கவலை.

இணையத்தில் அமெரிக்க வீடியோக்களைப் பார்த்து மிரண்டுபோகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே 2013 முதல் பயணிகள் விமான நிறுவனத்தில் துணை விமானியாகச் சேரவே பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட விமானப் பட்டப்படிப்பு முடித்தவர்களுக்கு அது 1,000 ஆகக் குறையும். டெல்டா நிறுவனம்கூட 2022இல் நான்கு வருட டிகிரியைக் கட்டாயத்திலிருந்து விருப்பத் தகுதியாக மாற்றிவிட்டது. அது அந்த ஊர்க் கணக்கு. இங்கே 200 மணி நேரத்தோடு துணை விமானி இருக்கைக்குப் போகலாம்.

நம்மூரில் டிகிரி பற்றி இவ்வளவு பிடிவாதம் இருப்பதற்கு அழகப்பச் செட்டியாரும் ஒரு காரணமோ என்று எனக்குச் சந்தேகம். எம்.ஏ. படித்தவர், லண்டனில் விமானம் ஓட்டக் கற்றவர், ஜுபிடர் ஏர்வேஸ் என்ற விமான நிறுவனத்தை நடத்தியவர். எம்.ஏவும் விமானமும் ஒரே ஆளிடம் இருந்ததால் ஒன்றுக்கு ஒன்று தேவை என்று முடிவுகட்டிவிட்டார்கள் போல.

டிகிரியே வீண் என்று சொல்லவில்லை. மெடிக்கலில் ஒருநாள் தகுதி போய்விட்டால் கையில் வேறு ஒன்று இருக்க வேண்டும். வெளிநாட்டு வேலை, விசா, பிற்காலத்தில் நிர்வாகப் பதவி என்று வரும்போதும் கேட்பார்கள். ஆனால் அதை முதலில் முடிக்க வேண்டியதில்லை. அழகப்பா பல்கலைக்கழகத்திலேயே தொலைநிலைக் கல்வி இருக்கிறது. பயிற்சியோடு சேர்த்தோ, வேலையில் சேர்ந்த பிறகோ படிக்கலாம்.

2. பிளஸ் டூ குரூப்பைப் பாருங்கள்

இயற்பியல், கணிதம் இரண்டும் பிளஸ் டூ அளவில் தேறியிருக்க வேண்டும். மாநிலப் பாடத்திட்டத்தில் முதல் குரூப்போ, கணினி அறிவியல் சேர்ந்த கணித குரூப்போ எடுத்தால் கவலையில்லை. மாட்டிக்கொள்கிறவர்கள் தூய அறிவியல் குரூப்காரர்கள். இயற்பியல் இருக்கும், கணிதம் இருக்காது. அறிவியல் படித்தோமே என்ற நம்பிக்கையில் கடைசி நேரத்தில்தான் கவனிப்பார்கள்.

என்னைப் போல வணிகவியல் படித்தவர்களுக்கு வழி, என்.ஐ.ஓ.எஸ். எனும் தேசிய திறந்தநிலைப் பள்ளி. முழுப் பிளஸ் டூவும் மறுபடி எழுத வேண்டாம். தேவையான பாடங்களுக்கு மட்டும் சேரலாம். பொதுத் தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை, ஏப்ரல் வாக்கிலும் அக்டோபர் வாக்கிலும். விண்ணப்பத்தை அதற்கு மாதக்கணக்கில் முன்பே போட்டாக வேண்டும். செய்முறைத் தேர்வும் உண்டு, மறந்துவிடாதீர்கள். எனக்கு எல்லாம் சேர்த்து ஒரு வருடம் போயிற்று. இதற்கு ஆகும் பணம் சொற்பம்.

3. ஒரு ரூபாய் ஃபீஸ் கட்டும் முன் மெடிக்கல்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். மெடிக்கல் என்பது மருத்துவத் தகுதிச் சான்று, அதில் கிளாஸ் 2 முதல் படி, கிளாஸ் 1 அடுத்த படி. பயிற்சிப் பள்ளிகள் கிளாஸ் 2 இருந்தாலே சேர்த்துக்கொள்ளும். ஆனால் சி.பி.எல். வாங்க கிளாஸ் 1 வேண்டும். பல லட்சம் கட்டிப் பாதி பறந்த பிறகு கிளாஸ் 1 கிடைக்கவில்லை என்றால் அந்தப் பணம் போனதுதான்.

வரிசை இப்படி. விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் மத்திய அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் இணையதளத்தில் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவர்களின் பட்டியல் இருக்கும். அதில் ஒருவரிடம் நேரம் வாங்கி முதலில் கிளாஸ் 2. ரத்தம், சிறுநீர், ஈ.சி.ஜி., எக்ஸ்ரே, காது, கண் எல்லாம் பார்ப்பார்கள். அறிக்கை இணையம் வழியாக டி.ஜி.சி.ஏவுக்குப் போய், முடிவு வந்து, ஃபைல் நம்பர் கிடைத்த பிறகுதான் கிளாஸ் 1. அதற்குக் குறிப்பிட்ட மையங்கள் மட்டுமே. பெங்களூரில் விமானப்படையின் வான்மருத்துவ நிலையம் இருக்கிறது, தனியார் மையங்களும் பட்டியலில் உண்டு. செலவு ஆயிரங்களில்தான். இழுப்பது காலம். இரண்டும் முடிய மூன்று, நான்கு மாதம் ஒதுக்குங்கள்.

கண்ணாடி போட்டால் பைலட் ஆக முடியாது என்பது பொய். வரம்புக்குள் இருந்து, கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் போதும். லேசர் சிகிச்சை செய்துகொள்ளலாமா என்று யோசித்தால், செய்வதற்கு முன்பே விமான மருத்துவரைக் கேளுங்கள். நிறக்குறைபாடுதான் பெரிய தடை. புள்ளி புள்ளியாக வண்ணம் அப்பிய அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்புவார்கள். உள்ளே என்ன எண் என்று தயங்காமல் சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் இருந்த பையன் முதல் அட்டையில் 12 என்றான். அடுத்ததில் எட்டைப் பார்க்க வேண்டியவன், "இதுல நம்பர் இருக்கா சார்?" என்று கேட்டான். அவனுக்கு அதுவரை தெரியவே தெரியாது. ஊரிலேயே ஒரு கண் மருத்துவரிடம் இந்தச் சோதனையை மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள், சில நூறு ரூபாய்தான்.

எனக்கு ஹீமோகுளோபின் குறைவு என்று தற்காலிகத் தகுதியின்மை எழுதிவிட்டார்கள். அது நிரந்தர மறுப்பு அல்ல. மூன்று மாதம் ஆயா (பாட்டி) பார்த்துப் பார்த்துச் சமைத்த முருங்கைக்கீரையும் மருத்துவர் எழுதிய மாத்திரையும் சாப்பிட்டு, மறு சோதனையில் தேறினேன். போகும் முன் ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனை செய்திருந்தால் அந்த மூன்று மாதம் மிச்சம்.

4. பெயரும் இனிஷியலும்

தமிழ்நாட்டுக்காரர்கள் எல்லாரும் விழும் குழி இது. பத்தாம் வகுப்புச் சான்றில் பெயருக்குப் பின்னால் ஒரு இனிஷியல். ஆதாரில் இனிஷியல் முன்னால். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாகக் குடும்பப் பெயர் கட்டத்தில். நம்மவர்களில் சிலருக்கு ஊர்ப் பெயர் இனிஷியலும் சேர்ந்துகொள்ளும். வடக்கே உட்கார்ந்து சரிபார்ப்பவருக்கு இவை மூன்றும் மூன்று ஆட்கள்.

தேர்வு எழுத டி.ஜி.சி.ஏவிடம் முதலில் கம்ப்யூட்டர் நம்பர் எனும் பதிவு எண்ணை வாங்க வேண்டும். அதில் பதிகிற பெயர்தான் மெடிக்கலிலும் லைசென்ஸிலும் தொடரும். எனவே முதலில் பத்தாம் வகுப்புச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு மற்றவற்றை அதற்கு ஒத்துப்போகும்படி திருத்துங்கள். இனிஷியலின் விரிவை எல்லாவற்றிலும் ஒரே எழுத்துக்கூட்டலில் வையுங்கள். என் தந்தை பெயர் ஒன்றில் ஒரு எழுத்தோடும் இன்னொன்றில் அந்த எழுத்து இல்லாமலும் இருந்தது. அந்த ஒரு எழுத்துக்காக விண்ணப்பம் ஒருமுறை திரும்பி வந்தது.

தயாராக வைக்க வேண்டியவை: பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் சான்றுகள், அவற்றுக்குத் தேர்வு வாரியம் தரும் உண்மைத்தன்மைச் சான்று, பாஸ்போர்ட், ஆதார், முகவரிச் சான்று, புகைப்படம், கையெழுத்து. உண்மைத்தன்மைச் சான்று மாநில வாரியத்தில் படித்தவர்களுக்குச் சென்னையில் அரசுத் தேர்வுகள் இயக்ககத்தில். இரண்டு முறை அதிகாலைப் பல்லவன் ரயிலில் போய் வந்தேன். முதல் முறை போனது வீண், மூலச் சான்று இல்லாமல் நகலோடு போயிருந்தேன்.

5. பணம்

இந்தியாவில் சி.பி.எல். முடிக்க, விடுதி சாப்பாடு உள்பட, 50 லட்சத்திலிருந்து 60 லட்சம் வரை வைத்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் ஒரு குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டுவதற்கான தனித் தகுதியான டைப் ரேட்டிங், ஏர்பஸ் 320 என்றால் இன்னொரு 15 முதல் 20 லட்சம் அல்லது அதற்கும் மேல். விமான நிறுவனங்களே ஆள் எடுத்துப் பயிற்சி கொடுக்கும் கேடட் திட்டம் என்றால் மொத்தம் ஒரு கோடியைத் தாண்டும்.

எங்கள் அப்பச்சி இதற்கென்று தனியாக ஒரு பேரேடு போட்டார். பள்ளியின் ஃபீஸ் அட்டையில் இல்லாத வரிகள் அதில்தான் இருக்கின்றன. எரிபொருள் விலை ஏறியதால் கூடுதல் கட்டணம். 200 மணியில் தேறாமல் போனால் கூடுதல் மணிகள். ஹெட்செட். சீருடை. தேர்வுக்கு ஊர் ஊராகப் போன ரயில் கட்டணம். ஆண்டுதோறும் மெடிக்கல். வானிலை சரியில்லாமல் பறக்காத மாதங்களின் விடுதி வாடகை. கடைசியில் கூட்டிப் பார்த்தபோது ஃபீஸுக்கு மேல் ஏழில் ஒரு பங்கு வந்திருந்தது.

வங்கிக் கடன் எடுப்பதாக இருந்தால் இவ்வளவு பெரிய தொகைக்குச் சொத்து ஈடு கேட்பார்கள். இங்கேதான் செட்டிநாட்டுச் சிக்கல். "வீடு இருக்கு, ரெண்டு கட்டு, பர்மா தேக்கு, அதுக்கென்ன" என்று நினைப்போம். வங்கி வக்கீல் மூலப்பத்திரத்தைப் புரட்டினால் வீட்டில் பதினோரு பங்கு. ஒரு பங்காளி கோயம்புத்தூரில், ஒருவர் மலேசியாவில், ஒருவர் காலமாகி வாரிசுச் சான்று வாங்காமல் கிடக்கிறது. கோட்டை மாதிரி வீடு வங்கிக்கு ஒரு காசு பெறாது. எங்களுக்கு அப்படித்தான் ஆயிற்று. கடைசியில் கை கொடுத்தது அப்பச்சி தன் பெயரில் தனியாக வாங்கியிருந்த ஒரு மனை. எனவே ஒற்றைப் பெயரில் உள்ள சொத்தைத் தேடுங்கள். பத்திரம், பட்டா, தொடர்ச்சியான வில்லங்கச் சான்று மூன்றையும் பயிற்சிக்கு ஆறு மாதம் முன்பே எடுத்து வையுங்கள். டைப் ரேட்டிங்குக்குத் தனியாகக் கடன் கிடைக்கும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள், முதல் விண்ணப்பத்திலேயே அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

6. பள்ளியைத் தேர்ந்தெடுப்பது

கானாடுகாத்தான் பக்கம் கால்நடைப் பண்ணைக்குள் போர்க்காலத்து ஓடுபாதை ஒன்று கிடக்கிறது. அதைப் பார்த்துத்தான் எனக்கு இந்த ஆசையே வந்தது. ஆனால் பறக்கக் கற்க வெளியூர்தான் போக வேண்டும். உத்தரப்பிரதேசத்தில் ஃபுர்சத்கஞ்சில் உள்ள இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமி மத்திய அரசு சார்ந்தது. நுழைவுத் தேர்வு வழியாகத்தான் சேர்க்கை, அதற்கும் பிளஸ் டூதான் தகுதி. மகாராஷ்டிரத்தில் கோண்டியாவில் ஒன்று, தமிழ்நாட்டில் சேலத்தில், இன்னும் பல. டி.ஜி.சி.ஏ. 2025இலிருந்து பள்ளிகளைத் தரம் பிரித்து வெளியிடத் தொடங்கியிருக்கிறது, அதைப் பாருங்கள்.

பார்த்துவிட்டு நேரில் போங்கள். வரவேற்பறையில் உட்காராமல் விமானங்கள் நிற்கும் ஹேங்கருக்குப் போய் எண்ணுங்கள். எத்தனை விமானம் இருக்கிறது, அதில் இன்று பறக்கக்கூடியது எத்தனை, ஆசிரியர் எத்தனை பேர், வரிசையில் எத்தனை மாணவர்கள். பழைய மாணவர் ஒருவரைத் தேநீருக்கு அழைத்து, போன மாதம் எத்தனை மணி பறந்தாய் என்று கேளுங்கள். நான் சேர்ந்த முதல் இடத்தில் "12 மாதத்தில் முடிச்சிடலாம்" என்றார்கள். ஏழு மாதத்தில் நான் பறந்தது 31 மணி. இரண்டு விமானம் உதிரிபாகத்துக்காக நின்றுகொண்டிருந்தன. முழுத் தொகையையும் முன்கூட்டியே கட்டினால் தள்ளுபடி என்றதை நம்பிக் கட்டியிருந்தோம். வெளியே வரும்போது திரும்பி வந்தது பாதிக்கும் குறைவு. தவணையாக, பறந்த மணிக்கு ஏற்பக் கட்டுகிற ஒப்பந்தம் மட்டும் போடுங்கள். பறக்காத மணிக்குப் பணம் எப்படித் திரும்பும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

வெளிநாட்டில் சீக்கிரம் முடியும் என்பது உண்மைதான். ஆனால் திரும்பி வந்து லைசென்ஸை மாற்ற இங்கே தேர்வும் பறப்புச் சோதனையும் உண்டு, அதற்கு மாதங்கள் ஆகும். அங்கிருந்து கிளம்பும் முன் அடுத்துச் சொல்லும் மணிக்கணக்கு நிறைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

7. தேர்வுகளும் 200 மணியும்

எழுத்துத் தேர்வுகள்: வான்வழி விதிகள், வழிசெலுத்தல், வானிலையியல், தொழில்நுட்பம் பொது, தொழில்நுட்பம் குறிப்பிட்ட விமானம். ஒவ்வொன்றிலும் 70 சதவீத மதிப்பெண் வேண்டும், தவறான விடைக்குக் கழிவு இல்லை. சுமார் மூன்று மாதத்துக்கு ஒரு சுற்று நடக்கும். பறக்கத் தொடங்கும் முன் இவற்றில் பாதியையாவது முடித்துவிடுங்கள். காலையில் பறந்துவிட்டு மாலையில் படிக்க உடம்பு ஒத்துழைக்காது. தனியாக ரேடியோ லைசென்ஸ் தேர்வும் உண்டு. அதுதான் நிறையப் பேரைக் கவிழ்ப்பது. முன்பு தொலைத்தொடர்புத் துறை நடத்தியது, இப்போது டி.ஜி.சி.ஏ. பொறுப்புக்கு வந்துவிட்டது, பழைய குறிப்புகளை நம்பி விண்ணப்பிக்காதீர்கள். அதில் ஆங்கிலத்தில் பேசிக் காட்ட வேண்டும். நம் ஆங்கிலத்தில் இலக்கணம் பிரச்சினை இல்லை, வேகம்தான் பிரச்சினை. நிறுத்தி, தெளிவாகப் பேசப் பழகுங்கள்.

200 மணிக்குள் இருக்க வேண்டியவை: 100 மணி தலைமை விமானியாக. அதில் 20 மணி ஊர்விட்டு ஊர் பறந்தது, குறைந்தது 300 நாட்டிகல் மைல் பயணம் ஒன்றும் அதில் சேர வேண்டும், இடையே இரண்டு வேறு விமான நிலையங்களில் இறங்கி நின்றிருக்க வேண்டும். 10 மணி கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டியது. இரவில் 5 மணி, பத்து முறை ஏறி பத்து முறை இறங்கியது. கருவிகளைப் பார்த்தே ஓட்டுவதற்கான தகுதியான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்குக்கும் இரட்டை இன்ஜின் விமானத்துக்கும் தனிக் கணக்கு. இரண்டும் இல்லாமல் விமான நிறுவனங்களின் பக்கம் போக முடியாது.

பறந்த மணிகளைப் பதியும் லாக்புக்கை அன்றன்றைக்கு எழுதுங்கள், வாரம் ஒருமுறை ஆசிரியர் கையெழுத்து வாங்குங்கள். என்னோடு படித்த ஒருவருக்கு இரவுப் பறப்பில் ஒன்பது இறக்கம்தான் பதிவாகியிருந்தது. அந்த ஒன்றைச் செய்ய மழைக்காலம் முடியும்வரை காத்திருந்தார்.

8. டைப் ரேட்டிங், நேர்காணல், காத்திருப்பு

சி.பி.எல். கையில் வந்ததும் அவசரப்பட்டு டைப் ரேட்டிங் கட்டாதீர்கள். எந்த நிறுவனம் எந்த விமானத்துக்கு ஆள் எடுக்கிறது என்று பார்த்த பிறகு கட்டுங்கள். ஏர்பஸ் 320க்குக் கட்டிவிட்டு போயிங் 737க்கு அழைப்பு வந்தால் அந்தப் பணம் உதவாது. சில நிறுவனங்கள் தேர்ந்தெடுத்த பிறகு தாங்களே அனுப்பும், செலவு உங்களுடையது அல்லது இத்தனை வருடம் அங்கேயே வேலை செய்வேன் என்ற பாண்டு.

நிறுவனத்தின் ஆள் தேர்வில் எழுத்து, மனத்திறன் சோதனை, சிமுலேட்டர், நேர்காணல் என்று வரும். என் நேர்காணலில் பி.காமைப் பற்றி ஒரே ஒரு கேள்வி: "இது எதுக்குப் படிச்சீங்க?" சொந்தக்காரர்கள் சொன்னார்கள் என்றேன். சிரித்துவிட்டு, இன்ஜின் ஒன்று நின்றால் முதலில் என்ன செய்வாய் என்று போய்விட்டார்கள்.

கேடட் திட்டத்தில் கொடுக்கும் கடிதத்தில் 'நிபந்தனைக்கு உட்பட்டு' என்ற வரி இருக்கும். அதை வக்கீலிடம் காட்டிப் படியுங்கள். வேலை உறுதி என்று வாயால் சொல்வது எதற்கும் ஆகாது.

லைசென்ஸ் கிடைத்தும் அழைப்பு வராத காலம் சிலருக்கு ஒரு வருடம், சிலருக்கு அதற்கும் மேல். எனக்கு 14 மாதம். அந்தக் காலத்தில் மெடிக்கலைப் புதுப்பிக்க வேண்டும், இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கை உயிரோடு வைக்க வேண்டும், கை மறக்காமல் இருக்கச் சில மணி பறக்க வேண்டும், கடனுக்கு வட்டியும் ஓடும். பேரேட்டில் 'காத்திருப்பு' என்று ஒரு தலைப்புப் போட்டு ஐந்து லட்சமாவது தனியாக எடுத்து வையுங்கள். அப்பச்சி அந்தத் தலைப்பைப் பிற்பாடுதான் சேர்த்தார். பக்கத்தில் இடமில்லாமல் ஓரத்தில் நெருக்கி எழுதியிருக்கிறது.